குடிநீர் என்று எழுதிய லாரி

எருத்தேன்பதியிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில், லாரிக்காரர்கள் டீ குடிக்க நிறுத்துகிற ஒரு கடை இருக்கிறது. அங்கே ஆசிட் டேங்கரோ கேஸ் லாரியோ வந்து நின்றால், காலை இழுத்து இழுத்து நடந்து ஒருவர் வருவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, வண்டிக்குப் பின்னால் இருக்கிற அபாயப் பலகையில் படிந்த சேற்றைத் துடைப்பார். பலகைக்கு மேலே கயிறோ தார்ப்பாயோ தொங்கினால் அதை விலக்கிக் கட்டுவார். பிறகு டிரைவரைத் தேடிப் போய்ச் சண்டை பிடிப்பார்.

"ஏனுங்க, இதுல என்ன போட்டிருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? தெரிஞ்சா இப்படி மறச்சுப் போட்டுட்டு வருவீங்களா?"

சில டிரைவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். சிலர் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். ஒரு சேலத்துக்காரன் கையையே ஓங்கிவிட்டான். கடைக்காரர் நடுவில் புகுந்து, "விடுங்க தம்பி, அவருக்குக் கொஞ்சம் அப்படி" என்று நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

அவருக்கு ஒன்றும் 'அப்படி' இல்லை. அவர் பெயர் தனபால். என் அக்கா யோகப்பிரியாவின் கணவர். எனக்கு அவர் மேல் எவ்வளவோ கோபம் உண்டு. ஆனால் புத்தி பிசகியவர் என்று எவனாவது சொன்னால் அதைவிட அதிகமாகக் கோபம் வரும். ஊரில் ஆளுக்கொரு கதை சொல்லித் திரிகிறார்கள். பாதியைக் கூட இருந்து பார்த்தவன், மீதியை அவர் வாயாலேயே கேட்டவன் என்பதால் நானே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

மச்சானின் அப்பா குப்பண்ணனுக்குத் தென்னந்தோப்பும் கடலைக் காடும் இருந்தன. தண்ணீர்தான் இல்லை. எங்கள் பக்கம் மழை எட்டிப் பார்த்துவிட்டு மேற்கே போய்விடும். போர் போட்டுப் போட்டு மண்ணெல்லாம் ஓட்டையானதுதான் மிச்சம். மச்சான் இளவட்டத்திலேயே மண்வெட்டியை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். முதலில் தக்காளி லோடு, பிறகு தேங்காய், கடைசியில் பொள்ளாச்சி பக்கத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு ஐஷர் லாரி ஓட்டினார். ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட்டைக் கேன் கேனாக ஏற்றிக்கொண்டு போய் முண்டக்கயம் பக்கத்து ரப்பர்காரர்களுக்கு இறக்குவது அவர் வேலை.

மனிதர் எதிலும் அநியாயத்துக்கு ஜாக்கிரதை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பினால், கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பார்க்கப் பாதி வழியில் வண்டியைத் திருப்புவார். தென்னைக்கு அடிக்கிற மருந்து டப்பாவைத் தோப்பு மோட்டார் ரூமைத் தாண்டி உள்ளே வரவே விட மாட்டார். ஒருமுறை நான் காரின் டிக்கியில் பூச்சி மருந்தையும் அரிசி மூட்டையையும் சேர்த்து வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். மருந்து பாட்டில் உடையவில்லை, ஒழுகவும் இல்லை. அப்படியும் அந்த அரிசியை யாரையும் தின்ன விடவில்லை அவர். குழி வெட்டிப் புதைத்தார். பயந்தாங்கொள்ளி என்று நான் அவரை மாதக் கணக்கில் கேலி செய்தேன்.

ஆசிட் மாதிரி அபாயச் சரக்கு ஏற்றுகிற டிரைவர்களுக்கு வகுப்பு ஒன்று உண்டு. அதில் தேறினால்தான் லைசென்ஸில் பதிந்து தருவார்கள். அந்த வகுப்புக்குப் போய்விட்டு வந்தவர், எங்கள் வீட்டு விருந்தில் இலையின் முன்னால் உட்கார்ந்து எல்லோருக்கும் பாடம் எடுத்தார். லாரியின் பின்னாலும் பக்கவாட்டிலும் மாட்டுகிற பலகையில் என்ன சரக்கு, அது என்ன செய்யும், யாருக்கு போன் செய்ய வேண்டும் என்றெல்லாம் இருக்கும் என்றார். "எதுக்குங்க மச்சான் இவ்வளவு, டிரைவருக்குத்தான் தெரியுமே?" என்று கேட்டேன்.

"அந்தப் பலகை டிரைவருக்கில்லீங்க மாப்ள. நான் மயங்கிக் கெடக்கறப்போ என்னயத் தூக்க வாரானே, அவனுக்கு" என்றார். "ஆசிட்டு மேல பட்டா உடனே தண்ணிய ஊத்தோணும். கால் மணி நேரமாச்சும் ஊத்திட்டே இருக்கோணும். அது என்னன்னே தெரியாதவன் துண்டுல தொடச்சுட்டு நிப்பான். அதுக்குள்ள வெந்து போயிரும்."

இதை அவ்வளவு தெளிவாகச் சொன்ன மனிதர்தான் அந்தப் பலகையை மறைத்தார்.

சபரிமலை மண்டல காலம். மச்சான் வருஷா வருஷம் மாலை போடுகிறவர். அந்த வருஷமும் போட்டிருந்தார். மறுநாள் விடிந்ததும் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் அவருக்கும் அவர் கூட்டத்துக்கும் இருமுடி கட்டு. அதற்கு முன் ஒரே ஒரு லோடு பாக்கி. திண்டுக்கல், தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறி, வண்டிப்பெரியாரைத் தாண்டிப் போய் இறக்கிவிட்டு ஓடி வந்தால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆனால் சீசனில் பக்தர்கள் வண்டி நெரிசல். அபாயச் சரக்கு லாரியைப் போலீஸ் குமுளிக்குக் கீழேயே ஓரங்கட்டி, நெரிசல் குறைந்த பிறகுதான் மேலே விடும். அப்படி நின்றால் இருமுடி கட்டுக்கு வந்து சேர முடியாது.

எங்கள் ஊர் அன்னதானக் குழுவுக்கு ஒரு பேனர் இருந்தது. ஐயப்பன் படம் போட்டு, 'பக்தர்களுக்கு இலவசக் குடிநீர்' என்று தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக எழுதியது. சீசனில் குழுவின் தண்ணீர் வண்டியில் அதைக் கட்டுவார்கள். அந்த வண்டிக்கு எங்கேயும் தடை இருக்காது. குழுவின் சாமான்கள் மச்சான் வீட்டில்தான் இருந்தன. பேனரை எடுத்து லாரியின் பின்பக்கம் கட்டினார். பக்கத்துப் பலகைகளின் மேல் தார்ப்பாயை இழுத்து இறக்கினார். உள்ளே இருந்தவை வெள்ளைக் கேன்கள். சமையல்காரர்கள் கல்யாணத்துக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிற கேனுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் பாதிக் கேன்களில் சரக்கின் பெயர் ஒட்டிய சீட்டே கிழிந்து போயிருந்தது.

குமுளியில் போலீஸ்காரர் பேனரைப் பார்த்தார், டிரைவரின் கறுப்பு வேட்டியையும் மாலையையும் பார்த்தார். "சாமி சரணம், பொய்க்கோ" என்று போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வண்டிப்பெரியாருக்குச் சற்று முன்னால் தூறல். வளைவில் எதிரே வந்த ஜீப்புக்கு ஒதுங்கி பிரேக் போட்டதில் லாரி வழுக்கித் தேயிலைக்குள் சரிந்து படுத்துவிட்டது. மச்சானின் வலது கால் நசுங்கி, கேபினுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். பக்கத்து எஸ்டேட்டில் வேலையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருவர் பெரியமுத்து. அவர் ஒரு கேனைத் தூக்கி மூடியைத் திறந்தபோது, உருண்டு புரண்டதில் உள்ளே அழுத்தம் ஏறியிருந்த ஆசிட் பீய்ச்சிக்கொண்டு முகத்தில் அடித்தது. கூட இருந்தவர்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. மச்சான் எங்களுக்குப் பாடம் எடுத்தாரே, அதே மாதிரி துண்டால் துடைத்தார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து விஷயம் தெரிந்து தண்ணீர் ஊற்றும்போது காலம் கடந்துவிட்டது. பெரியமுத்துவுக்கு இரண்டு கண்ணும் போயிற்று.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கம்பெனி மேனேஜர் எங்களுக்கு முன்னால் வந்து கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். லாரியைத் தூக்க கிரேனோடு வந்தவர் அவர்தான். அந்தக் களேபரத்தில் பேனர் காணாமல் போயிருந்தது. சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய மஹஸரில் அபாயப் பலகைகள் வண்டியில் இருந்தன என்று சரியாகவே எழுதியிருந்தார்கள். டிரைவர் மயக்கத்தில் இருந்தார் என்றும் இருந்தது. மேனேஜர் மச்சானின் காதருகே குனிந்து என்னவோ சொன்னார். மச்சான் தலையாட்டினார். வண்டியைப் பற்றி ஏதோ பேசுகிறார்கள் என்று நினைத்து நான் டீ வாங்கப் போய்விட்டேன். பேனர் கதை அப்போது எனக்குத் தெரியாது.

காலில் கம்பி வைத்து மச்சானை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அதற்குப் பிறகு அவர் மாலை போடவில்லை. என் அக்கா என்ன கேட்டாலும் 'ஊம்' கொட்டினார். மகள் ஜீவிதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கண்ணாடி டம்ளரில் தண்ணீர் குடித்தால், அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். விபத்தில் மிரண்டுவிட்டார், சரியாகிவிடும் என்று நாங்கள் நினைத்தோம்.

பெரியமுத்து நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். அங்கேதான் கம்பெனி தன் புத்தியைக் காட்டியது. வண்டியில் அபாயப் பலகை இருந்தது, அதைப் பார்த்தும் அவர் கேனைத் தூக்கினார், கவிழ்ந்த லாரியில் சரக்குத் திருட வந்தவர் அவர், திருடும்போது பட்டதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பதில் போட்டார்கள். பலகை தெளிவாகத் தெரிந்தது என்று சாட்சி சொல்ல வேண்டியவர் தனபால்.

சம்மன் வந்த அன்று மச்சான் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க மாப்ள, கவுந்த லாரியில கேனத் தொறக்கறவன் நல்லவனா இருப்பானுங்களா?"

"எப்படிங்க இருப்பான்?" என்றேன். நான் அப்படித்தான் நினைத்தேன். கவிழ்ந்த லாரியில் தக்காளியை அள்ளிக்கொண்டு போகிறவர்களை எங்கள் ரோட்டில் பார்த்திருக்கிறேனே.

"காப்பாத்த வந்தவன் டிரைவரைப் பாப்பானா, கேனைப் பாப்பானா?"

"டிரைவரைத்தான் பாப்பான்."

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்த ஒரு கேள்வியை ஊன்றுகோல் மாதிரி பிடித்துக்கொண்டுதான் அவர் அத்தனை மாதம் தள்ளியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவன் எதற்குக் கேனைத் திறந்தான்? திருடத்தான். அவன் திருடன் என்றால் தன் பாவம் பாதியாகிவிடும். மனிதர் அதை நம்ப முயற்சி செய்தார், முழுதாக நம்ப முடியவில்லை. அதனால்தான் விசாரணைக்கு முந்தின வாரம், "வண்டிப்பெரியாருக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரலாமுங்களா? அவன் எப்படிப்பட்டவன்னு ஒருக்கா என் கண்ணால பாத்துடறேன்" என்றார். நான் காரை எடுத்தேன்.

எஸ்டேட் லயத்தில் வீடு. வரிசையாக ஒட்டிக்கொண்ட வீடுகளில் கடைசி. வாசலில் விறகு அடுக்கி வைத்திருந்தது. பெரியமுத்துவின் மனைவி ராமுத்தாய் கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. நாங்கள் யாரென்று நான் சொல்லத் தடுமாறிக்கொண்டிருக்கும்போது மச்சான், "எருத்தேன்பதியில இருந்து வாரோமுங்க" என்றார்.

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்கினார். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் முழுக்க வெந்து ஆறிய தோல்.

"லாரிக்கார சாமியா?" என்றார். "ராமுத்தாயி, அந்தச் சாமிதான். குரல் எனக்கு மறக்குமா? வாங்க சாமி, உள்ள வாங்க. கால் எப்படி இருக்கு?"

மச்சான் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போய் ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

"கம்பி வெச்சிருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார்.

"நடக்கீகல்ல, அது போதும். அன்னைக்கு நீங்க கெடந்த கெடப்புக்குப் பொழைக்க மாட்டீகன்னுதான் நெனைச்சேன்." பெரியமுத்து குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பேசினார். "நீங்க தண்ணி, தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தீக. எனக்கு மனசு கேக்கல. உசுரு போற நேரத்துல கேக்குறாரேன்னு தண்ணிக்கு ஓடுனேன். பாத்தா உங்க லாரியிலேயே குடிநீர்னு போட்டிருக்கு, ஐயப்பன் படத்தோட. எதுக்கு ஓடைக்கு ஓடணும்னு ஒரு கேனத் தூக்கித் தொறந்தேன்."

மச்சான் என்னைப் பார்த்தார். தண்ணீர் கேட்டது அவருக்கு நினைவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அது தெரிந்துவிட்டது. பேனர் கதை எனக்குத் தெரிந்ததும் அந்த நிமிஷத்தில்தான். லாரியில் குடிநீர் என்று எப்படி எழுதியிருக்கும் என்று கேட்க வாயெடுத்தவன், ராமுத்தாய் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"ஒண்ணுதான் எனக்கு இன்னும் வெளங்கல" என்றார் பெரியமுத்து. "தண்ணிக் கேனுக்கு நடுவுல ஆசிட்டு கேன் எப்படி வந்துச்சு? உங்களுக்கே தெரியாம எவனோ மாத்தி ஏத்தி விட்டிருக்கான். பாவம், நீங்க புண்ணியத்துக்குத் தண்ணி கொண்டு வந்தீக. நல்லவேளை சாமி, அது என் மூஞ்சியில பட்டுச்சு. அப்படியே கொண்டு வந்து உங்க வாயில ஊத்தியிருந்தா என்னாகியிருக்கும்? அதை நெனைச்சாத்தான் எனக்கு இப்பவும் குலை நடுங்குது."

கண்ணைப் பறிகொடுத்தவர் எங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

ராமுத்தாய்தான் மெதுவாகப் பேச்சை எடுத்தார். "குடிநீர்னு போர்டு இருந்துச்சுன்னு இவரு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க. கேஸ் கட்டுல அப்படி எதுவும் இல்லைங்குறாங்க. எங்க மக இந்து டவுன்ல துணிக்கடையில நிக்கிறா. கள்ளன்றெ மோள், திருடன் மகள்னு அவ காதுபடவே பேசுறாங்களாம். பணம் வருது, வரல, அது வேற. நீங்க வந்து குடிநீர் போர்டு இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீகன்னா, இவரு திருடன் இல்லேன்னாவது ஆயிரும்."

"சரிங்க" என்றார் மச்சான்.

இவ்வளவுதான் சொன்னார். ராமுத்தாய் கொதிக்க வைத்து ஆற்றிய வெந்நீரை டம்ளரில் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். "அன்னைக்குக் குடுக்க முடியல, இன்னைக்காவது குடிக்கட்டும்" என்று பெரியமுத்து சிரித்தார். மச்சான் வாங்கினார். ஒரு மடக்குக்கூட மிச்சம் வைக்காமல் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வருகிறோம் என்று எழுந்துவிட்டார்.

கார் குமுளியைத் தாண்டியது. பிறகு என் வாய் நிற்கவில்லை. பேனரை எங்கே எடுத்தீர்கள், ஏன் கட்டினீர்கள், எங்களிடம்கூட ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "இன்னும் ஒண்ணு இருக்குதுங்க மாப்ள" என்றார்.

"என்னங்க?"

"தண்ணி கேட்டது எனக்கு நெனவில்ல. ஆனா அந்த மனுசன் கத்துனது நெனவிருக்குது. கண்ணு, கண்ணுன்னு கத்துனாரு. எனக்கு அது என்னன்னு உடனே தெரிஞ்சுபோச்சு. ஆசிட்டு, தண்ணிய ஊத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடைத் தண்ணிய மொண்டு ஊத்தியிருப்பாங்க. ஒரு கண்ணாச்சும் தப்பியிருக்கும். நான் வாயைத் தொறக்கல. சொன்னா பேனர் கட்டுனது தெரிஞ்சுபோகும், போலீஸ் புடிச்சுக்குமுன்னு பயந்து, கண்ண மூடிட்டு மயக்கம் போட்டவனாட்டக் கெடந்தேன். தீயணைப்பு வண்டி வார மட்டும் அப்படியே கெடந்தேன்."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருப்பேன், என் அக்கா முகத்துக்காகப் பார்த்தேன்.

"அப்ப அந்த ஊட்டுல உக்காந்திருந்தீங்களே, அங்கயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதுங்களா?" என்று கத்தினேன்.

"தண்ணிய வாங்கிட்டேனுங்க. கையில டம்ளரை வெச்சுட்டு எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு, கடையில் சாமானை மறந்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை.

கோர்ட்டுக்குப் போகிற அன்று காலை என் அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். லைசென்ஸ் போய்விடும், ஜெயிலுக்குக்கூட அனுப்புவார்கள், ஜீவிதாவை நினைத்துப் பாருங்கள் என்றாள். மேனேஜர் முந்தின நாள் போன் செய்து, வழக்கு முடிந்ததும் ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். மச்சான் காலை விடுவித்துக்கொண்டு வந்து காரில் ஏறினார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கும் தெரியாது. இந்த முறையும் 'சரிங்க' என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவாரோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

கோர்ட்டில் பெரியமுத்துவும் ராமுத்தாயும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இந்து. கம்பெனி வக்கீல் எழுந்து, அபாயப் பலகை வண்டியில் இருந்ததா என்று மலையாளத்தில் கேட்டார்.

"இருந்துச்சுங்க" என்றார் மச்சான்.

பின்பெஞ்சில் ராமுத்தாய் கணவரின் கையை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். வக்கீல் திருப்தியாக உட்காரப் போனார்.

"இருந்துச்சுங்க. ஆனா யாரு கண்ணுக்கும் தெரியாம நான்தான் மறச்சுக் கட்டியிருந்தேன்" என்றார் மச்சான்.

அதற்கப்புறம் நிற்காமல் சொன்னார். பேனர், தார்ப்பாய், குமுளி, பலகை தெரிந்தது என்று சொல்லும்படி ஆஸ்பத்திரியில் மேனேஜர் சொல்லிக் கொடுத்தது எல்லாம் வந்தது. நீதிபதிக்குத் தமிழ் புரிந்தது. பெரியமுத்துவின் வக்கீல் ஜோமோள் என்ற சின்னப் பெண், குறிப்பெடுப்பதையும் மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார். கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். இவர் மயக்கத்தில் இருந்ததாக மஹஸரே சொல்கிறது, பெரியமுத்து கேனை எதற்குத் திறந்தார் என்று மயங்கிக் கிடந்தவருக்கு எப்படித் தெரியும் என்று மடக்கினார்.

"நான் தண்ணி கேட்டதுக்குத் தொறந்தாருங்க" என்றார் மச்சான். "மயக்கமெல்லாம் இல்லீங்க. அவரு கத்துனப்போ நான் முழிச்சுத்தான் இருந்தேன். ஆசிட்டுன்னு சொல்லியிருந்தா அவங்க கழுவி விட்டிருப்பாங்க. நான் சொல்லல. சாமி படத்துக்குப் பொறகால ஒளிஞ்சேன், அப்புறம் மயக்கத்துக்குப் பொறகால ஒளிஞ்சேன். திருட வந்ததா எழுதியிருக்கறது சுத்தப் பொய்யுங்க."

பெரியமுத்து தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

லைசென்ஸ் அத்தோடு போயிற்று. போலீஸ் வழக்கு தனியாக இன்னும் நடக்கிறது. கம்பெனி, மச்சான் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டுக் கையைக் கழுவப் பார்க்கிறது. பெரியமுத்து வழக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இதெல்லாம் பிறகு நடந்தவை. இவற்றைப் பற்றி ஊர்க்காரர்கள் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். அன்று கோர்ட்டு வெளிவாசலில் நடந்ததைப் பற்றி யாருக்கும் தெரியாது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் காருக்குப் போகிற வழியில் மரத்தடியில் அவர்கள் நின்றிருந்தார்கள். மச்சான் நடக்க முடியாமல் நின்றுவிட்டார். திட்டட்டும், அடிக்கட்டும் என்று எதிர்பார்க்கிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்துதான் அப்பாவிடம் நாங்கள் நிற்பதைச் சொல்லியிருக்க வேண்டும். பெரியமுத்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"டிரைவர் சாரா?" என்றார். "உள்ள சொன்னது நல்லதாப் போச்சு சார். இனிமே எம் மகள ஒருத்தனும் கள்ளன் மகள்னு சொல்ல மாட்டான்."

சாமி என்று கூப்பிடவில்லை. குரலில் கோபமும் இல்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கத் தொடங்கினார். ராமுத்தாயும் பின்னாலேயே நாலடி போனார். பிறகு ஏதோ யோசித்தவர் போலத் திரும்பி, மச்சானின் முன்னால் வந்து நின்றார்.

"எங்க வீட்டுக்கு வந்தீகளே," என்றார். "நான் கையில குடுத்த தண்ணிய வாங்கிக் குடிச்சீகளே. இதெல்லாம் மனசுல வச்சுக்கிட்டா குடிச்சீக?"

மச்சான் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஆமாம் என்பது போலத் தலையை மட்டும் அசைத்தார். மச்சான் இன்னும் ஏதாவது சொல்வார் என்று ராமுத்தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் இந்து கூப்பிடவும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போய்விட்டார்.